பூட்டக் கதவில்லாத ஊரில் ஜெபம்: மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி..." மத்தேயு 6:6. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஞாயிறு பள்ளிச் சிறுவனாக இந்த வசனத்தை மனப்பாடம் செய்தபோது எனக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அறைவீடு இருந்தது. நெல் மூட்டையும் கருப்பட்டியும் அடுக்கியிருக்கும், கதவும் இருந்தது. அதே வசனத்தைத் தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேராகப் படுத்திருந்த காலத்தில் வாசித்தபோது சிரிப்புதான் வந்தது. அங்கிருந்த ஒரே கதவை நான் பூட்டிக்கொண்டால் மீதி ஆறு பேரும் சந்தில் நிற்க வேண்டும்.

பிறகு ஒரு போதகர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சாமான் போட்டுவைக்கும் உள்ளறையையும் குறிக்கும். லூக்கா 12:24இல் காகங்களுக்குப் "பண்டசாலையுமில்லை" என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். இயேசுவின் பேச்சைக் கேட்ட ஏழை ஜனங்களுக்கும் ஜெபத்துக்கென்று தனி அறை இருந்திருக்காது. மூட்டைக்கும் பானைக்கும் நடுவே கிடைத்த இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியானால் தாராவிக்கும் கலிலேயாவுக்கும் தூரம் அதிகமில்லை.

ஞாயிறு ஆராதனையில் "சர்வ வல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வீட்டுக்காரர் டெபாசிட்டைக் கூட்டிக் கேட்டதும் அந்த வல்லமை எங்கே போயிற்று என்று விழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கேட்டதெல்லாம் கைக்கு வரும் உபாயம் தேடி வந்தவர்கள் இந்த நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். இந்த வண்டி அங்கே போகாது.

முதற்படி: இடத்தையும் நேரத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்

"நேரம் கிடைக்கும்போது ஜெபிக்கிறேன்" என்பவருக்கு மும்பையில் நேரம் கிடைப்பதில்லை. இங்கே நேரத்தை, லோக்கல் ரயிலில் இருக்கை பிடிப்பதுபோல் பாய்ந்துதான் பிடிக்க வேண்டும். இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் அவர் வாசலில் கூடியிருந்தது. கூட்டத்தில் சிக்கிய மனிதர் எப்போது எழுந்தார் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் சந்தில் விடியுமுன்னே குழாயில் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடந்தான் பல ஆண்டுகளாக என் அறைவீடு. என் மனைவிக்கு அது பரண். ஏணியில் ஏறி, தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் தலை இடிக்காமல் குனிந்து உட்காருவாள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர், வீட்டு இரைச்சலுக்கு நடுவே சமையல் மேலாடையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். அம்மா அப்படி உட்கார்ந்தால் பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது என்பது ஏற்பாடாம். நம் பெண்களுக்கு முந்தானை இருக்கிறது.

ரயிலில் ஜெபிக்கலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. அன்னாளைப் பாருங்கள்: "அவளுடைய உதடுகள்மாத்திரம் அசைந்தது, அவள் சத்தமோ கேட்கப்படவில்லை." ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். சயானுக்கும் தாதருக்கும் நடுவே உங்களை யாரும் அப்படி நினைக்கப்போவதில்லை, உங்களைப் பார்க்கவே அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் ரயில் ஜெபத்தை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியாது. நாளுக்குப் பத்து நிமிடமாவது அசையாமல் ஓரிடத்தில் உட்கார வேண்டும். இடமும் நேரமும் மாறாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் உடம்பே நம்மை அங்கே இழுத்துப்போகும்.

இரண்டாம் படி: கெத்செமனே ஜெபத்தின் நான்கு கால்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது, அவசரப்படாமல் வாசியுங்கள். சிலுவைப் பாடுகளுக்கு முந்தின இராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்தது இது, மாற்கு 14:36: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது."

கட்டிலுக்கு நான்கு கால் போல இந்த ஜெபத்துக்கும் நான்கு. யாரிடம் பேசுகிறேன் என்பது முதலாவது: அப்பா. அவரால் என்ன முடியும் என்பது இரண்டாவது: எல்லாம். எனக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாவது: இதை எடுத்துப்போடும். முடிவு யார் கையில் என்பது நான்காவது: ஆகிலும்.

நம்மில் பலருடைய ஜெபம் ஆடுவதற்குக் காரணம் ஒரு கால் இல்லாததுதான். பக்திமான்கள் பெரும்பாலும் மூன்றாவது காலை வெட்டிவிடுவார்கள். "உமக்குத் தெரியாததா ஆண்டவரே, உமது சித்தம்" என்று முடித்துவிடுவார்கள். கேட்டால் தாழ்மை என்பார்கள். எனக்கு அதில் பாதி பயமாகத்தான் படுகிறது. கேட்டு, கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம். கேட்காமலே இருந்துவிட்டால் தேவன் மேலும் பழியில்லை, நம் விசுவாசத்துக்கும் ஆபத்தில்லை. வேறு சிலர் நான்காவது காலை வெட்டுகிறார்கள். "ஆகிலும்" என்று சொன்னாலே அவிசுவாசம் என்று மேடையில் போதிக்கிறவர்கள்கூட உண்டு. அப்படியானால் கெத்செமனேயில் ஜெபித்தவர் யார்? பாபிலோனின் சூளைக்கு முன்னே நின்ற மூன்று வாலிபர்களும் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலே "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். வல்லமையை நம்புவதும் முடிவை அவரிடம் விடுவதும் ஒரே வாயிலிருந்து வந்தன.

ஒரு நடைமுறை உதாரணம். இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். பத்தாம் மாதம் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். "ஆண்டவரே, எங்களை ஆசீர்வதியும்" என்பது ஜெபந்தான், ஆனால் அதற்குப் பதில் வந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அப்பா, உம்மால் எல்லாம் கூடும். இந்தப் பெரிய ஊரில் எங்களுக்கு ஓர் அறை கொடுப்பது உமக்கு அரிதான காரியமல்ல. மாதக் கடைசிக்குள், பிள்ளை பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில், எங்களால் கட்ட முடிகிற வாடகையில் ஒரு வீடு வேண்டும். ஆகிலும், நீர் வேறிடம் வைத்திருந்தால் முறுமுறுக்காமல் சாமானைக் கட்டுகிற மனதைத் தாரும்."

நாலே வாக்கியம். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நீளம் கூடினால் வல்லமை கூடும் என்பது நம் கன்வென்ஷன் மேடைகள் வளர்த்த பழக்கம்.

விசுவாசமே வரவில்லை என்றால்? அதையும் சொல்லிவிடுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் கதறினான். அரைகுறை விசுவாசத்தோடு வந்த அவனுடைய பிள்ளை சுகமானது. உங்கள் உள்ளத்தில் நம்பிக்கை பொங்கி வரும்வரை காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

மூன்றாம் படி: எழுதிவையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கேட்டது, அதற்காக நான் செய்தது, நடந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்து, தம் விண்ணப்பங்களையும் வந்த பதில்களையும் தேதியோடு குறித்துவைத்தார். காலப்போக்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். அவர் கணக்கு அவ்வளவு பெரியது. என் கணக்கு சிறியது: மளிகைக் கடைப் பாக்கி, மகனின் கணக்குப் பரீட்சை, மேலாளரின் கோபம்.

நோட்டு எதற்கு? மனித மனதுக்கு நன்றி மறக்கும் நோய் இருப்பதால். நடந்த காரியத்தை ஒரு வாரத்தில் "அது எப்படியும் நடந்திருக்கும்" என்று சொல்லிவிடும். நடக்காததையோ பத்து வருடம் சுமக்கும். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி அதற்கு எபெனேசர், அதாவது உதவியின் கல், என்று பேரிட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு லாபமும் உண்டு. என் பழைய நோட்டில், ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று மாதம் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறேன். அது கிடைக்கவில்லை. பின்னால் அந்த நிறுவனம் சம்பளம் கொடுக்காமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய செய்தி வந்தபோது, நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து ஒரு கோடு மட்டும் போட்டேன்.

புத்தாண்டு இராத்திரியில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல வழக்கம், நானும் எடுக்கிறேன். ஆனால் அதை லாட்டரிச் சீட்டாக்காதீர்கள். பிடிக்காத வசனம் வந்தது என்று மாற்றி எடுத்தவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: ஜெபித்துவிட்டுக் காவலும் வையுங்கள்

நெகேமியா 4:9 எனக்கு மிகவும் பிடித்த வசனங்களில் ஒன்று: "நாங்களோ எங்கள் தேவனை நோக்கி, ஜெபம்பண்ணி, அவர்கள்நிமித்தம் இராவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்." எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் எதிரிகள் நிமித்தம் ஜெபித்தார்கள், காவலாளும் வைத்தார்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. வீட்டுக்காக ஜெபித்தவர் தரகரைப் பார்க்கப் போக வேண்டும். பரீட்சைக்காக ஜெபித்த பிள்ளை புத்தகத்தைத் திறக்க வேண்டும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வியாதி விஷயத்தில் மட்டும் விளக்கம் தேவை. பரேலில் 1941 முதல் இயங்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சமல்ல. இந்தியும் தெரியாமல், மராத்தியும் தெரியாமல், கையில் கோப்பும் கண்ணில் பயமுமாக நிற்பார்கள். சபையிலிருந்து நாங்கள் போய்ப் பார்ப்பதுண்டு. அங்கே போகும்போது மூன்று காரியங்களில் கவனமாக இருக்கிறோம்.

மருந்தை நிறுத்தச் சொல்கிற எந்த ஜெபவீரனையும் நோயாளியிடம் அண்டவிடுவதில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னது என்ன? கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றார், அந்தக் காலத்து வைத்தியம் அது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவந்தேன் என்றும் அவரே எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவர் யார்?

அடுத்து, காரணம் சொல்லுவதில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் இருந்தார்கள். திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கேட்க வேண்டும் என்று அவரிடமே விசாரித்து, அவர் சொன்னதைத்தான் ஜெபிக்கிறோம். ஒரு முறை சங்கரன்கோவில் பக்கத்து அக்கா ஒருவர், "எனக்குச் சுகம் கேட்காதீர்கள் அண்ணாச்சி, அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இன்று இராத்திரி தூக்கம் வர வேண்டும் என்று கேளுங்கள்" என்றார். தூக்கம் கேட்டோம்.

மூன்றாவது, கையை வீசிக்கொண்டு போவதில்லை. ரசம் சாதமோ, மொழிபெயர்க்க ஓர் ஆளோ, வரிசையில் நிற்க ஒரு வாலிபனோ கூடப் போக வேண்டும். எண்ணெய்க் குப்பிக்கும் ஜெபத் துணிக்கும் பணம் கேட்கிறவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பார்கள். பணம் கேட்கிறார்களே, அதுதான் அடையாளம்.

ஐந்தாம் படி: பதில் வராதபோது

என் தங்கை அந்த மருத்துவமனைக்கு வந்தவள்தான். 14 மாதம் எங்களோடு இருந்தாள். நான்கு காலும் உள்ள ஜெபங்களை ஏறெடுத்தோம், உபவாசித்தோம், ஊரில் ஆலயமணி அடித்து ஜெபித்தார்கள். பார்க்க வந்த ஒருவர், அவள் காதுபடவே, இன்னும் கொஞ்சம் விசுவாசித்தால் எழும்பிவிடுவாள் என்றார். அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "அண்ணே, எவ்வளவு விசுவாசித்தால் போதும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள். அடுத்த மாதம் அவளை அடக்கம் செய்தோம்.

எட்டு மாதம் நான் ஜெபிக்கவில்லை. கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், ஜெபிக்க மட்டும் வாய் வரவில்லை. இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இந்த நிலையில் இருக்கிற யாராவது இதை வாசிக்கலாம். அப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" தேவனைப் பார்த்து இப்படிக் கேட்பது பாவமென்றால் அது வேதத்துக்குள் வந்திருக்காது. 88ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமென்றுதான் சபை இத்தனை நூற்றாண்டாக வாசித்துவருகிறது. அதையும் வாசிக்கப் பலமில்லையா? பெருமூச்சு போதும். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு டோனாவூர் தெரியும். அங்கே 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பிறகு 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். எத்தனை பிள்ளைகள் அவருக்காக முழங்காலில் நின்றிருப்பார்கள்! கால் எழும்பவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதினார், அந்த அறையிலிருந்தே நடத்தினார். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், அவரை வருத்திய "மாம்சத்திலே ஒரு முள்" நீங்கவில்லை. வந்த பதில், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." தேவ வல்லமை என்றால் கடல் பிளப்பது மட்டுமே என்று நினைத்திருந்தவனுக்கு இந்த வசனம் சீக்கிரத்தில் செரிக்காது. எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. சிலுவையில் தொங்கியவரிடம்தான் இதைக் கேட்கிறேன் என்பதால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆறாம் படி: தனியாக நிற்காதீர்கள்

அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நிற்கவில்லை. இராத்திரி ஒன்பது மணிக்கு என் மனைவி தொலைக்காட்சியை அணைப்பாள். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், ஒரு ஜெபம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். திமிர்வாதக்காரனைக் கூரை பிரித்து இறக்கிய கதையில், இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று இருக்கிறது. தூக்கி வந்தவர்களுடைய விசுவாசம். படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

வீட்டு ஜெபக் கூட்டம் வைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பக்கத்து அறைக்கும் நமக்கும் நடுவே ஒரு தகரந்தான், சத்தத்தைக் குறையுங்கள். காலை வேலைக்குப் போகிற அயலாருக்குத் தூக்கம் கொடுப்பதும் சாட்சிதான். மற்றொன்று, "ஜெபக்குறிப்பு" என்ற பேரில் ஊர்வம்பு உள்ளே நுழையும். "அவர்கள் வீட்டுப் பெண்ணுக்காக ஜெபியுங்கள், என்ன நடந்ததென்றால்..." என்று யாராவது தொடங்கினால், அங்கேயே கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: நடுவழி ஜெபம்

ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் (நெகேமியா 2:4). ஒரு மூச்சு நேரம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில் நின்றுவிட்டதால் குர்லாவிலிருந்து சயானை நோக்கி நடந்தேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது என் வாயில் வந்தது, தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவின் ஜெபம்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." கெத்செமனேயின் நான்கு கால் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. இருட்டில் முன்னாலிருந்து ஒரு கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. பெயர் தெரியாத ஆள், மராத்தியில் ஏதோ சொன்னார். அவருக்கு முன்னால் இன்னொருவர், அவருக்கும் முன்னால் வேறொருவர் என்று ஒரு சங்கிலியே கைகோத்து நின்றது. என் பின்னால் வந்தவருக்கு நான் கை கொடுத்தேன்.

நாளைக்கே தொடங்க

நோட்டு இன்று இராத்திரியே வாங்கிவையுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு விண்ணப்பம் போதும், அதுவும் சிறியதாக இருக்கட்டும். கெத்செமனே வசனத்தை அட்டையில் எழுதி, குடத்துக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். ஈரம் படும் என்பதால் பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும். எங்கள் பக்கம் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர். நாலேமுக்காலுக்கு எழுந்தால் வரிசையில் மூன்றாவது குடம் நம்முடையதாக இருக்கும்.